மீனை எழுப்பினால் தீவு போய்விடும்: வீடியோ கேம்களில் வரும் கனவுலகங்களை எப்படிப் படிப்பது?

என் அக்கா மகன் தக்கலையில் பத்தாம் வகுப்புப் படிக்கிறான். போன லீவில் அவனுடைய சித்தப்பா துபாயிலிருந்து வந்தபோது ஒரு நிண்டெண்டோ ஸ்விட்ச் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே ஒரே ஒரு கேம். செல்டா வரிசையில் வரும் 'லிங்க்ஸ் அவேக்கனிங்'. ஒரு வாரம் பையனிடமிருந்து சத்தமே இல்லை. அப்புறம் ஒரு ராத்திரி பத்து மணிக்குப் போன் வந்தது.

"மாமா, அப்பம் இந்தத் தீவே கிடையாதா?"

எந்த இடத்துக்கு வந்திருக்கிறான் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. லிங்க் என்ற வீரனின் கப்பல் புயலில் உடைந்து அவன் கோஹோலிண்ட் என்ற தீவில் கரை ஒதுங்குகிறான். தீவின் மலையுச்சியில் ஒரு பெரிய முட்டை. அதற்குள் தூங்குவது காற்றுமீன். (ஒரு பக்கம் முப்பந்தல் காற்றாலைகள், மறுபக்கம் கொளச்சல் மீன் என்று வாழும் நம் மாவட்டத்துக்காரன் எவனோ வைத்த பெயர் போலவே இருக்கும்.) எட்டு இசைக்கருவிகளைத் தேடிச் சேர்த்து முட்டையின் முன்னால் வாசித்தால் மீன் விழிக்கும், லிங்க் வீடு திரும்பலாம். சரி என்று பாதி தூரம் போன பிறகு, ஒரு பழைய கோயில் சுவரில் செதுக்கியிருக்கும் செய்தியைப் படிக்கிறோம். இந்தத் தீவு காற்றுமீன் காணும் கனவு. மீன் விழித்தால் தீவும் அதில் உள்ள எல்லாரும் மறைந்துவிடுவார்கள்.

எல்லாரும் என்றால் மாரினும்தான். கரையில் மயங்கிக் கிடந்தவனைத் தூக்கிவந்து படுக்கவைத்த பெண். மீனை எழுப்பும் பாட்டையே அவள்தான் சொல்லிக்கொடுக்கிறாள்.

"அப்பம் நான் எதுக்கு மாமா அத எழுப்பணும்?"

"கேம்தானே மக்கா, போய்த் தூங்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவன் தூங்கியிருப்பான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அன்று சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இப்போது அவனுக்கும், அவனைப் போல இப்போதுதான் கேம்களின் பின்கதையில் கால் வைத்திருப்பவர்களுக்கும் எழுதுகிறேன். பல கேம்களின் முடிவுகளைச் சொல்லப்போகிறேன். விளையாடிவிட்டுத்தான் படிப்பேன் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

பலன் பார்க்கிற வழக்கம்

முதலில் நம்மிடம் இருக்கிற ஒரு பழக்கத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைக்க வேண்டும். கனவு என்று யாராவது வாயைத் திறந்தாலே "என்ன பலன்?" என்றுதான் நம் வீடுகளில் கேட்பார்கள். என் ஆச்சிக்கு அது மனப்பாடம். பல் விழுந்தால் துக்கம். விடியற்காலையில் கண்டது பலிக்கும். சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் தோழி தேவந்தியிடம் சொல்லும் கனவும் இந்த வகைதான். கணவன் கையைப் பிடித்து ஒரு பெரிய ஊருக்குக் கூட்டிப்போகிறான், அந்த ஊரார் தேளைத் தூக்கி மேலே போட்டது போல ஒரு பழியைப் போடுகிறார்கள். பின்னால் மதுரையில் நடக்கப்போவது முன்கூட்டியே அந்தக் கனவில் வந்துவிடுகிறது. இப்படிப்பட்ட கனவு ஒரு கடிதம் மாதிரி. பிரித்துப் படித்துப் பொருள் சொன்னால் வேலை முடிந்தது.

வீடியோ கேமில் வரும் கனவு பெரும்பாலும் கடிதம் அல்ல, ஓர் ஊர். அதற்குள் நடக்கலாம். அங்கே கடை இருக்கும், பூட்டிய கதவு இருக்கும், சாவியை ஒளித்துவைத்தவன் இருப்பான். ஊருக்குள் நின்றுகொண்டு "இந்த ஊருக்கு என்ன பலன்?" என்று கேட்டால் சரியாக வராது. புது ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் என்ன விசாரிப்போம்? இது யார் இடம், நாம் எந்த வழியாக உள்ளே வந்தோம், திரும்பிப்போக வழி உண்டா, போக முடியாமல் இங்கேயே கிடப்பவர்கள் யார். கனவுலகத்தைப் படிக்க இந்த விசாரணை போதும். பெரிய தத்துவமெல்லாம் அப்புறம்.

'லோர்' என்று ஆட்டக்காரர்கள் சொல்வது கேம் உலகத்தின் பின்கதையை. யாரும் உட்கார்ந்து அதை முழுசாகச் சொல்லமாட்டார்கள். ஒரு வாளின் குறிப்பில் இரண்டு வரி, ஓரமாக நிற்கும் கிழவனின் புலம்பல், சுவரில் ஒரு செதுக்கல் என்று சிதறிக் கிடக்கும். பொறுக்குவது நம் வேலை.

இனி கோஹோலிண்டுக்குத் திரும்புவோம். பையன் முதலில் நினைத்தது "எல்லாம் லிங்க் கண்ட கனவு" என்று. இல்லை. கனவு மீனுடையது. லிங்க் வெளியிலிருந்து வந்து மாட்டிக்கொண்டவன். இந்த ஒரு வேறுபாட்டிலேயே கதையின் பாரம் இடம் மாறிவிடுகிறது. சொந்தக் கனவிலிருந்து விழிப்பது வேறு, இன்னொருவர் கனவை முடித்துவைப்பது வேறு. அடுத்தது, எட்டுக் குகைகளிலும் நம்மைத் தடுக்கும் பூதங்கள். அவற்றின் பெயரே கொடுங்கனவுகள். தூங்கும் மீனின் கனவுக்குள் புகுந்து தீவைத் தமதாக்கிக்கொள்ளப் பார்க்கின்றன. மீன் விழித்தால் அவையும் இல்லை, அதனால்தான் விழிக்க விடுவதில்லை. யோசித்துப் பார்த்தால் அவை உயிருக்காகச் சண்டை போடுகின்றன. மாரினின் நிலையும் அதுவேதானே? வில்லனும் தோழியும் ஒரே தூக்கத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு இருக்கிறார்கள். 1993-இல் கையடக்க கேம் பாயின் கறுப்புவெள்ளைத் திரைக்காகச் செய்த கேம் இது. 2019-இல் ஸ்விட்சுக்குப் புதுசாகச் செய்தார்கள், கதையை மாற்றவில்லை. மாற்றத் தேவையும் இல்லை.

கடைசியில் மீன் விழித்துச் சொல்வதன் சாரம், கனவென்றால் முடியத்தான் வேண்டும், ஆனால் தீவின் நினைவு உன்னிடம் இருக்கும் என்பது. அதன் பிறகு லிங்க் நடுக்கடலில் ஒரு மரத்துண்டின் மேல் கண் விழிக்கிறான். அண்ணாந்து பார்த்தால் காற்றுமீன் வானத்தில் போகிறது. அந்தக் காட்சி முக்கியம். மீன் உண்மை. தீவு மட்டும்தான் இல்லை. "எல்லாமே சும்மா" என்று நாம் கைகழுவிவிடக் கூடாது என்றுதான் அந்த மீனைக் காட்டுகிறார்கள் என்பது என் கட்சி.

எல்லாக் கனவிலும் இத்தனை ஆழம் இருக்காது. 1988-இல் அமெரிக்காவில் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2 முடியும்போது மாரியோ கட்டிலில் தூங்குவதைக் காட்டுவார்கள். அத்தனையும் கனவு. ஏன் தெரியுமா? அது முதலில் மாரியோ கேமே அல்ல. ஜப்பானில் 1987-இல் வேறு பாத்திரங்களை வைத்து வந்த 'டோக்கி டோக்கி பானிக்' என்ற கேமை எடுத்து, ஆட்களை மாற்றி மாரியோ ஆக்கினார்கள். மண்ணிலிருந்து காய்கறியைப் பிடுங்கி எறிவது, பழைய எதிரிகளையே காணாதது என்று மாரியோ உலகத்தோடு ஒட்டாத பலது அதில் உண்டு. கனவு என்று சொல்லிவிட்டால் ஒட்டாததெல்லாம் ஒட்டிவிடுகிறது. இந்த மாதிரி இடத்தில் மண்வெட்டியோடு போய்த் தோண்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

மூன்று வாசல்

தோண்டத் தோண்ட வருகிற ஒன்றைச் சொல்கிறேன். ஃபிரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தின் 'பிளட்போர்ன்', 2015-இல் பிளேஸ்டேஷன் 4-க்கு வந்தது. இயக்கியவர் ஹிதேடாகா மியாசாகி. பின்கதை படிக்கப் பழகுபவர்கள் இதில்தான் முதலில் தலைசுற்றிப் போவார்கள்.

திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்குப் போனவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். பள்ளிகொண்ட உருவம் 22 அடி நீளம். ஒரே இடத்தில் நின்று முழுசாகப் பார்க்க முடியாது. மூன்று வாசல். ஒன்றில் முகம், ஒன்றில் உடல், ஒன்றில் பாதம். மூன்றையும் மனதுக்குள் சேர்த்தால்தான் பெருமாள். சின்ன வயதில் எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது, ஏன் ஒரே பெரிய வாசலாக வைக்கவில்லை என்று. பிளட்போர்னும் அப்படித்தான். ஒரு வாசலில் நின்று கதை முழுக்கத் தெரிந்துவிட்டது என்று நினைத்தால் பாதத்தைப் பார்த்துவிட்டு முகத்தை வர்ணிக்கிற கதையாகிவிடும்.

அதில் வேட்டைக்காரனின் கனவு என்று ஓர் இடம் உண்டு. செத்தால் அங்கே போய் வரலாம், ஆயுதத்தைத் தீட்டலாம். வெள்ளைப் பூக்கள், கல்லறைகள், ஒரு சின்ன வீடு. சக்கர நாற்காலியில் கெர்மன் என்ற கிழவர். பேசி நடமாடும் ஒரு பொம்மைப் பெண். ஆட்டத்தின் பாதி வரைக்கும் இது ஓய்வெடுக்கும் இடம் என்றே நினைப்போம்.

அப்புறம் ஊருக்குள் ஒரு கோபுரத்தின் கீழே சிக்கலான வழியில் இறங்கினால், கைவிடப்பட்டுக் கிடக்கும் ஒரு பழைய பட்டறை வருகிறது. உள்ளே போனதும் வயிற்றைக் கலக்கும். அதே வீடு. பூக்கள் இல்லை, கிழவர் இல்லை. பொம்மை மட்டும் மூலையில் உயிரில்லாமல் சாய்ந்திருக்கிறது. கனவில் நாம் தினமும் போய்வந்த வீட்டின் அசல் இதுதான். அங்கே ஒரு சின்னத் தலையணியும் கிடைக்கும். அதை எடுத்துக்கொண்டு கனவுக்குத் திரும்பி அந்தப் பொம்மைப் பெண்ணிடம் காட்டினால், தனக்கே காரணம் தெரியாமல் அவள் நெகிழ்ந்து கண்ணீர் விடுகிறாள். நனவிலிருந்து கனவுக்குள் ஒரு பொருள் போகிறது, அங்கே எதையோ அசைக்கிறது. எந்தக் கேமிலும் இப்படி எல்லை தாண்டும் பொருளைக் கண்டால் விடாதீர்கள். பின்கதையின் முடிச்சு பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

திரும்பிப்போக வழி உண்டா என்ற கேள்வியையும் இங்கே கேட்டுப் பாருங்கள். கடைசியில் கெர்மன் ஒரு உதவி செய்வதாகச் சொல்கிறார். தலையைக் குனிந்தால் ஒரே வெட்டு, நீ விடியலில் கண் விழிப்பாய். ஒத்துக்கொண்டால் உண்மையிலேயே விடிகிறது. மறுத்து அவரோடு மோதி ஜெயித்தால், நிலவிலிருந்து ஏதோ ஒன்று இறங்கி வந்து நம்மை அணைக்கிறது. அடுத்த காட்சியில் சக்கர நாற்காலியில் நாம். அப்போதுதான் உறைக்கிறது. அந்தக் கனவு கெர்மனுடையதே அல்ல, அவரே அதில் அடைபட்ட கைதி. தூக்கத்தில் அவர் பழைய நண்பர்களின் பெயரைச் சொல்லி என்னை விடுவியுங்கள் என்று முனகுவதை முன்பே கேட்டிருப்போம். காதில் விழுந்திருக்கும், மனதில் விழுந்திருக்காது.

அதே வருடம் கூடுதல் பகுதியாக வந்த 'தி ஓல்ட் ஹண்டர்ஸ்' என்னைப் பொறுத்தவரை கனவுலகங்களிலேயே கனமானது. வேட்டைக்காரர்களின் கொடுங்கனவு. ரத்தவெறி பிடித்த வேட்டைக்காரர்கள் போய்ச் சிக்கும் நரகம் மாதிரி ஓர் இடம். அதன் அடி ஆழத்தில் இருப்பது ஒரு மீனவக் குடியிருப்பு. சேறு, வலை, நண்டு, உப்புக்காற்று. கோஸ் என்ற ஒரு தெய்வ உயிரின் உடல் அந்தக் கரையில் ஒதுங்கியது. படித்தவர்கள் ஆளனுப்பினார்கள். ஊர் மக்களின் மண்டையை உடைத்து, உள்ளே கண்கள் இருக்கிறதா என்று தேடினார்கள். அந்தப் பாவத்துக்கு விழுந்த சாபம்தான் இந்தக் கனவு. யாரும் மேடையேறி இதைச் சொல்வதில்லை. மேரியா என்ற வேட்டைக்காரி ஆசையாக வைத்திருந்த வாள் அந்தக் குடியிருப்பின் கிணற்றுக்குள் கிடக்கிறது. தாங்க முடியாமல் அவளே எறிந்துவிட்டாள் என்று வாளின் குறிப்பு மட்டும் சொல்கிறது. என்ன நடந்தது என்று விவரிக்கும் பத்துப் பக்க வசனத்தைவிட, கிணற்றில் கிடக்கும் அந்த வாள் போதும். கடற்கரை ஊர்களைப் பார்த்து வளர்ந்தவன் என்பதாலோ என்னவோ, அந்த இடத்தை நான் ஒரே தடவைதான் விளையாடினேன்.

இங்கே கனவு காண்பவர் என்று ஒருவரைக் காட்டுவது கஷ்டம். குற்றம்தான் கனவு காண்கிறது என்று சொன்னால் கொஞ்சம் நாடகத்தனமாக இருக்கும், ஆனாலும் அதற்கு மேல் சரியாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

திருவட்டாறு என்றதும் இன்னொன்று. பெருமாளின் அந்தத் தூக்கத்துக்கு அறிதுயில் என்று பெயர். எல்லாம் அறிந்துகொண்டே தூங்குவது. கேசி என்ற அசுரனை அடக்கி, அவன் எழுந்துவிடாமல் இருக்க அவன்மேல் பள்ளிகொண்டிருக்கிறார் என்று தலபுராணம் சொல்வார்கள். அதாவது படுத்திருப்பதே ஒரு பூட்டு. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் டீம் செர்ரி என்ற சின்னக் குழு செய்த 'ஹாலோ நைட்' (2017) விளையாடியபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. பூச்சிகளின் ராஜ்ஜியம் ஒன்று நோயில் அழிந்து கிடக்கிறது. நோய் பரவியது கனவுகளின் வழியாக. ஒரு காலத்தில் அந்துப்பூச்சிகள் கும்பிட்ட ரேடியன்ஸ் என்ற ஒளித்தெய்வத்தை, புது ராஜா வந்ததும் எல்லாரும் மறந்துவிட்டார்கள். மறக்கப்பட்ட அவள் தூக்கத்தில் திரும்பி வருகிறாள். அவளை ஒரு வீரனுக்குள் அடைத்து, அவனைக் கோயிலுக்குள் அடைத்து, மூன்று பேர் படுத்துத் தூங்குகிறார்கள். அவர்கள் தூக்கம்தான் கதவின் தாழ்ப்பாள். (அந்தக் கோயிலும் முட்டை வடிவம்தான், கறுப்பு முட்டை. கேம் செய்கிறவர்களுக்கு முட்டைமேல் என்ன ஆசையோ.) நாமோ கனவு ஆணி என்ற ஆயுதத்தால் அந்த மூவரின் கனவுக்குள்ளும் புகுந்து கொல்கிறோம். ஜெயித்துக்கொண்டே பூட்டை உடைக்கிறோம் என்பது மெதுவாகத்தான் புரியும்.

ராஜாவின் வெள்ளை மாளிகை இருந்த இடத்துக்குப் போனால் வெறும் வெளி. ஒரு செத்த காவலாளியின் கவசம் மட்டும் கிடக்கிறது. அதைக் கனவு ஆணியால் தொட்டால் மாளிகை முழுவதும் அதற்குள். காண்பவன் செத்த பிறகும் கனவு நிற்கிறது. பிளட்போர்னில் மைக்கோலாஷ் என்பவனும் அப்படித்தான், உடல் ஓரிடத்தில் பிணமாக உட்கார்ந்திருக்க, ஆள் கொடுங்கனவுக்குள் சிரித்துக்கொண்டு ஓடுவான்.

கனவுக்கு ஆகிற செலவை யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்வியை எனக்குச் சொல்லிக்கொடுத்தது 'ஃபைனல் ஃபேண்டஸி 10' (2001). அதில் கதாநாயகன் டீடஸே கனவு. ஆயிரம் வருடங்களுக்கு முன் போரில் அழியவிருந்த சனார்கண்ட் என்ற நகரத்தைக் காப்பாற்ற, அதன் மக்கள் கல்லோடு கல்லாகி நகரத்தைக் கனவு கண்டுகொண்டே இருக்கிறார்கள். கடல்கொண்ட நாட்டின் கதை கேட்டு வளர்ந்த குமரிக்காரனுக்கு, போன ஊரை நினைத்தே நிறுத்திவைப்பது ஒன்றும் புதிதல்ல. புதிது என்னவென்றால், அவர்கள் களைத்துவிட்டார்கள். போதும், நாங்கள் தூங்குவதை நிறுத்திக்கொள்கிறோம் என்கிறார்கள். நிறுத்தினால் டீடஸ் இல்லை. தெரிந்துகொண்டே அவன் அதற்கு உதவுகிறான்.

தியரி என்னும் வியாதி

புதிதாகப் படிக்க ஆரம்பிப்பவர்களைப் பிடிக்கும் ஒரு வியாதி உண்டு. எந்தக் கேமை எடுத்தாலும் "ஹீரோ முதல் காட்சியிலேயே செத்துவிட்டான், மீதி எல்லாம் கோமாவில் காணும் கனவு" என்பார்கள். எனக்கும் வந்து போனதுதான். இந்த விளக்கத்தை எந்தக் கேமுக்கு வேண்டுமானாலும் மாட்டலாம், அதனால் இந்தக் கேமைப் பற்றி அது ஒன்றுமே சொல்வதில்லை. கனவு என்று சொல்ல கேமுக்குள்ளேயே தடயம் வேண்டும். நுழையும் வழி, எல்லை தாண்டிய பொருள், சுவரெழுத்து, இப்படி ஏதாவது. மேலே சொன்னவற்றில் மீனும் நாற்காலியும் வாளும் கேமுக்குள் இருப்பவை, நான் வீட்டிலிருந்து கொண்டுபோனவை அல்ல. திருவட்டாறை மட்டும்தான் நான் கொண்டுபோனேன். அது விளக்குவதற்கு உதவும், சாட்சிக்கு உதவாது.

'யுமே நிக்கி' (2004) போன்றவை வேறு ரகம். கிகியாமா என்ற பெயரில் மட்டும் அறியப்படும் ஒருவர் செய்தது. அறையை விட்டு வெளியே வராத ஒரு சிறுமி தூங்குகிறாள், அவள் கனவுகளில் நாம் அலைகிறோம். வசனம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. கன்னத்தைக் கிள்ளினால் விழித்துக்கொள்வாள். இதற்கு ஆளாளுக்கு நோயின் பெயர் சொல்லி விளக்கம் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. கதவைத் திறக்காத பிள்ளையின் வாசலில் நின்று ஊர்க்கதை பேசுவது மாதிரி இருக்கிறது. சில கனவுலகங்களில் சும்மா நடந்துவிட்டு வரலாம்.

சரி, பையனின் கேள்வி. ஏன் எழுப்ப வேண்டும்?

போன மாதம் அவனைக் கன்னியாகுமரிக்குக் கூட்டிப்போனேன். கடலுக்குள் நிற்கும் வள்ளுவர் சிலை 133 அடி, அதிகாரத்துக்கு ஓர் அடி. 122-ஆவது அதிகாரம் கனவுநிலை உரைத்தல், அதாவது கழுத்தையும் தாண்டி எங்கேயோ மேலே என்று கணக்குப் போட்டான். அதில் 1216-ஆவது குறளில் ஒரு பெண் சொல்கிறாள், நனவு என்று ஒன்று இல்லாமலே இருந்திருந்தால் கனவில் வந்தவர் என்னை விட்டுப் பிரிந்திருக்கவே மாட்டாரே என்று. பொருள் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் கடலைப் பார்த்தான். "மாமா, இவளும் மீனை எழுப்ப வேண்டாம்னுதான் சொல்லுகா" என்றான். ஆமாம், அப்படித்தான் சொல்கிறாள். ஆனால் அவள் விழித்துவிட்டாள், விழித்த பிறகுதான் இதைச் சொல்லவே முடிகிறது என்றேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை.

எட்டு வாத்தியமும் அப்போதே அவன் கையில் இருந்தது. மலைக்குப் போகாமல், கிராமத்துக் குளத்தில் மீன் பிடித்துக்கொண்டிருப்பதாக அக்கா சொன்னாள். நேற்றுப் போனில் கேட்டேன்.

"எழுப்பிட்டியாலே?"

"எழுப்பிட்டேன் மாமா. இப்பம் முதல்ல இருந்து வேற ஃபைல் தொடங்கியிருக்கேன்."

ஒரு தடவைகூடச் சாகாமல் முடித்தால் கடைசியில் மாரின் ஒரு கணம் திரையில் வருவாள். கடற்பறவையாகப் பிறந்திருந்தால் தூரமாகப் பறந்து போவேன் என்று முன்பு ஒருமுறை சொல்லியிருப்பாள் அல்லவா. யாரோ அவனுக்கு அதைச் சொல்லியிருக்கிறார்கள்.

"எவ்வளவு தூரம் வந்திருக்க?"

"ரெண்டாவது குகை. மூணு தடவை செத்து, மூணு தடவையும் அழிச்சிட்டு மறுபடி தொடங்கியாச்சு. நாளைக்கு ஸ்கூல் இல்ல, அம்மைக்கிட்ட சொல்லிராத."